பதினெட்டாம் வருஷ மாலை

மாவு பொங்கவில்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் புனேயில் அப்படித்தான். ராத்திரி முழுக்கக் கம்பளியில் சுற்றி வைத்தாலும், காலையில் பாத்திரத்தைத் திறந்தால் அரைத்து வைத்த மட்டத்திலேயே கிடக்கும். நான் கரண்டியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெகதீசன் சமையலறை வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தான். தோளில் கறுப்புத் துண்டு, கழுத்தில் ஐயப்பன் மாலை. மாலை போட்டுவிட்டால் அக்காவும் அவனுக்கு மாளிகபுரம்தான்.

"என்னா மாளிகபுரம், இன்னிக்கும் தோசைதானா?"

"மாவு ஏந்துக்கல, நான் என்னா பண்றது? நீ போய்க் குளிடா."

"டான்னு கூப்பிடக் கூடாது. சாமி."

"சரிங்க சாமி. போய்க் குளிங்க சாமி. தண்ணி நின்னுடப் போவுது சாமி."

சிரித்துக்கொண்டே குளியலறைப் பக்கம் போனான். வாளியில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன். என் தம்பி என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நாங்கள் இருப்பது கட்கி பஜாருக்குப் பின்னால். அப்பா வேலூரிலிருந்து வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். நாங்கள் இருவரும் இங்கேயே பிறந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பஜாரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஜெகதீசன் போசரியில் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டினான். அவன் மனைவி அவன் குடியைத் தாங்க முடியாமல் சோலாப்பூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் ப்ரீத்தி மட்டும் காலேஜுக்காக எங்களோடு இருந்தாள்.

அவன் குடிகாரன் என்று ஆரம்பத்தில் பல வருஷம் நாங்கள் யாரும் சொன்னதில்லை. அதற்குக் காரணம் மாலைதான். வருஷா வருஷம் கார்த்திகை முதல் தேதி மாலை போடுவான். அன்றைக்கு நிறுத்தினால் சபரிமலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும்வரை ஒரு சொட்டு தொடமாட்டான். அந்த நாட்களில் அவனைப் பார்த்தால் வேறு ஆள். ப்ரீத்திக்குத் தலை பின்னிவிடுவான், கடைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவான். தெருவில் எல்லோரும் சொல்வார்கள்: "நினைச்சா நிறுத்துறான் பாருங்க. இது வியாதியா? மனசு வெக்கணும், அவ்ளோதான்." மாலை கழன்ற மறுநாள் அவன் மறுபடி ஆரம்பித்தால், "மனசு வெக்கல" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் மாலை கழற்றியதிலிருந்து குடி வேறு மாதிரி ஆனது. காலையில், ஷிஃப்ட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே குடிக்கத் தொடங்கினான். கேட்டால், "கை நிக்கணும்க்கா. நடுங்குற கையோட லேத்ல நிக்க முடியுமா?" என்றான். அது சாக்கு இல்லை, உண்மை. குடிக்காமல் அவனால் டீ டம்ளரைத் தூக்க முடியவில்லை. கணுக்கால் வீங்கியிருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் கம்பெனி வாசலிலேயே விழுந்தான். அன்றைக்கு ப்ரீத்தி என்னிடம் வந்து, "அத்தை, பப்பா மர் ஜாயேகா. ஏதாவது செய்ங்க," என்றாள். அப்பா செத்துப்போவார் என்பதை ஹிந்தியில்தான் சொன்னாள், அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் அந்த "ஏதாவது செய்ங்க" சுத்தமாக வந்தது.

அதற்கப்புறம்தான் எங்கே போவது என்று தேட ஆரம்பித்தோம்.

முதலில் தளேகாவ் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லம். உறவுக்காரர் ஒருவர் சொல்லி, மூன்று பேரும் லோக்கல் ரயில் பிடித்துப் போனோம். பெரிய இரும்பு கேட், அதற்குள் இன்னொரு கேட். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேனேஜர் பெருமையாகச் சொன்னார்: "இங்கே மூன்று மாசம். போன் கிடையாது, வீட்டுக்காரர்கள் வரக் கூடாது. இதுவரைக்கும் ஒருத்தன் தப்பிச்சதில்லை." டாக்டர் உண்டா என்று கேட்டேன். தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார்.

திரும்பும்போது ஜெகதீசன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சொன்னான்: "ஜெயிலுக்குப் போறவன்கூட ஏதாவது தப்பு பண்ணிட்டுத்தான் போறான். நான் என்னாக்கா பண்ணேன்? என் காசுல குடிச்சேன்."

"என் காசுலயும் குடிச்ச," என்றேன். ப்ரீத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஆனால் அந்த இடம் வேண்டாம் என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்தது மரியஜோசப். ஒரு காலத்தில் ஜெகதீசனோடு அதே கம்பெனியில் லேத் ஓட்டியவர், அவனைவிட மோசமாகக் குடித்தவர், விட்டு வெகுநாள் ஆகிறது. சர்ச் ஹாலில் குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடி உட்கார்ந்து பேசுகிற கூட்டத்துக்கு வாராவாரம் போகிறவர். ஒருநாள் ஜெகதீசனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவனிடம் எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"எல்லாரும் நல்லாப் பேசுறாங்க. எப்படி எப்படி குடிச்சோம், எங்கெங்க விழுந்தோம்னு விலாவாரியா. கேக்கக் கேக்க எனக்குக் குடிக்கணும்போல ஆயிடுச்சி."

மரியஜோசப் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் முதல் நாள் அப்படித்தான்டா. ஹால்லேருந்து நேரா கடைக்குத்தான் போனேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பவுனு, இவன் இப்ப இருக்கற நிலைமைக்குக் கூட்டம் மட்டும் போதாது. முதல்ல உடம்பு. ஆஸ்பத்திரியில சேத்து அதைச் சரிபண்ணிட்டு வரட்டும். அப்புறம் உக்காந்து பேசலாம், ஆயுசு முழுக்கப் பேசலாம்," என்றார்.

அவர்தான் டாக்டர் ஷபானாவிடம் அனுப்பினார். சின்ன வயசு டாக்டர். ஜெகதீசனிடம் ஹிந்தியில் பேசினார். ஏன் குடிக்கிறாய் என்று கேட்கவே இல்லை. தினமும் எவ்வளவு, காலையில் முதல் கிளாஸ் எப்போது, குடிக்காவிட்டால் உடம்பு என்ன செய்கிறது, இவ்வளவுதான் கேட்டார். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"பத்து நாள் வார்டில் படுக்கணும். ஊசி, மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் நிறுத்துவோம். அதற்கப்புறம் வீட்டில் இருந்தே சாப்பிட மருந்து தருகிறேன், கூட்டத்துக்கும் போங்கள். ஒன்றே ஒன்றுதான். நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் உடம்புக்கு இப்போது அது ஆபத்து. வலிப்பு வரும்."

ஜெகதீசன் அவரையே பார்த்தான். "நிறுத்தக் கூடாதா?"

"வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது. இங்கே வந்து நிறுத்துங்கள்."

வெளியே வந்ததும் அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான், சிரிப்புத் தாங்காமல். "அக்கா, குடிக்காதேன்னு சொல்ற டாக்டரைப் பாத்திருக்கேன். நிறுத்தாதேன்னு சொல்ற டாக்டரை இப்பதான் பாக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடியே இவங்கள பாத்திருக்கணும்."

அந்த வாரம் முழுக்க அதைத் தெருவில் எல்லோரிடமும் சொன்னான். டீக்கடையில் சொன்னான். கம்பெனி பஸ்ஸில் சொன்னான். டாக்டர் மாதிரியே குரலை மாற்றிச் சொல்வான், கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மரியஜோசப் மட்டும் சிரிக்கவில்லை. "நீ லேத்காரன்தானே? முழு வேகத்துல ஓடுற மெஷினுக்கு டக்குனு கரண்டைப் புடுங்கினா கடையற இரும்பு என்னாவும்? வெட்டற டூல் உடைஞ்சிடாது? உன் உடம்பு முழு வேகத்துல ஓடினு இருக்குடா," என்றார்.

வார்டில் படுக்க அவனுக்குச் சம்மதமில்லை என்று சொல்ல மாட்டேன். பயம் இருந்தது, ஆனால் சம்மதித்திருப்பான். குறுக்கே வந்தது லீவு. அது அவனுக்குப் பதினெட்டாம் மலை. பதினெட்டாம் வருஷம் போகிறவர் தென்னங்கன்று எடுத்துக்கொண்டு போக வேண்டும். போய்வந்தால் அதற்கப்புறம் அவரே குருசாமி, மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடலாம். வாழ்க்கையில் வேறு எதிலும் மேலே வராத என் தம்பி, அந்த ஒன்றில்தான் படிப்படியாக வந்து நின்றான். ரயிலில் போய்வர வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த லீவு இருந்தது. அதை வார்டில் படுத்துச் செலவழித்தால் மலைக்கு லீவு இல்லை. மழைக்காலத்தில் விழுந்ததிலிருந்தே கம்பெனியில் அவன்மேல் ஒரு கண் இருந்தது. கூடுதலாக ஒரு நாள் கேட்டால் வேலை போய்விடும் நிலைமை.

நான் ஆஸ்பத்திரி என்றேன். அவன் மலை என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து இதைப் பேசினோம்.

"மலை அடுத்த வருஷமும் அங்கியேதான்டா இருக்கும்," என்றேன்.

"மலை இருக்கும். பதினேழு வருஷம் விடாம போனது உடைஞ்சிடும்."

ப்ரீத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பப்பா, ப்ளீஸ். பெஹலே அட்மிட் ஹோ ஜாவோ, முதல்ல ஆஸ்பத்திரி. மலைக்கு நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"நீ எப்படி வருவ? உன் வயசுப் பொண்ணு வரக் கூடாதே," என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். "கண்ணு, நான் ஏமாத்தல. நிறுத்தறேன்னுதானே சொல்றேன்? மாலையைப் போட்டா நிறுத்துறனா இல்லையா, நீயே சொல்லு. இத்தினி வருஷம் பாத்திருக்க."

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவள் நினைவு தெரிந்ததிலிருந்து பார்த்ததே அதைத்தான்.

"டாக்டர் வேணாம்னாங்களே," என்றேன்.

"அந்தம்மாவுக்கு ஐயப்பனைத் தெரியாதுக்கா. தையில வந்து சேந்துக்கறேன். சத்தியம்." அப்படித்தான் முடிவாயிற்று.

மாலை போட்டுவிட்டவர் பத்ரிநாத் சாமி. ரேஞ்ச் ஹில்ஸில் இருக்கிறார், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர்தான் இந்தப் பக்கத்துத் தமிழ் ஆட்களுக்கெல்லாம் குருசாமி. கார்த்திகை முதல் தேதி, விடியும் முன் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு எல்லோரும் கோயிலில் வரிசையாக நின்றார்கள். ஜெகதீசன் முதல்நாள் சாயங்காலமே கடைசியாகக் குடித்து முடித்துவிட்டு, பாட்டிலைக் கழுவிக் குப்பையில் போட்டுவிட்டு வந்திருந்தான். பத்ரிநாத் சாமி மாலையைக் கழுத்தில் போடும்போது அவனுக்கு உடம்பு நடுங்கியது. அவனுக்கு மட்டுமில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நடுங்கியது. வெளியே அப்படியொரு குளிர்.

அந்த நடுக்கம்தான் எங்களை ஏமாற்றியது. ஒவ்வொரு வருஷமும் மாலை போட்ட முதல் சில நாட்கள் அவன் நடுங்குவான், வியர்ப்பான், சாப்பாடு இறங்காது. விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறும் தரையில் படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு என்று இருந்தால் யாருக்குத்தான் நடுங்காது? விரதம் உடம்பில் பிடிக்கிறது என்போம். பத்ரிநாத் சாமியே சொல்வார், "சாமி உடம்புல ஏறும்போது அப்படித்தான் இருக்கும்" என்று. குடி இறங்குவதையும் சாமி ஏறுவதையும் பார்த்துப் பிரித்துச் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. முந்தைய வருஷங்களில் உடம்பு அதைத் தாங்கியது, அதனால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை.

இரண்டாம் நாள் மரியஜோசப் வந்து பார்த்துவிட்டு, "இவனை இப்பவே கூட்டினு போ," என்றார். நானும் கிளம்பு என்றேன். ஜெகதீசன் கும்பிட்டுச் சிரித்தான். "ஜோசப்பு சாமி, குளிர்ல நடுங்கறவனையெல்லாம் ஆஸ்பத்திரியில சேத்தா, கட்கியே காலியாயிடும்." நெற்றியில் வியர்வை முத்து முத்தாக இருந்தது. குளிரில் நடுங்குகிறவனுக்கு ஏன் வியர்க்கிறது என்று மரியஜோசப் கேட்டார். அவன் விபூதி எடுத்துப் பூசிக்கொண்டான். அன்றைக்குத் தூங்கவில்லை. கேட்டால், "சாமிக்கு என்னா தூக்கம்," என்றான்.

மூன்றாம் நாள் விடியற்காலைதான் நான் முதலில் சொன்னது. தோசைக்கல் காய்வதற்குள் குளியலறையில் வாளி உருண்டது. கதவை ப்ரீத்தி உடைத்தாள். உள்ளே தரையில் அவனுக்கு வலிப்பு. ஆட்டோவில் போகும் வழியில் அவனுக்கு இரண்டாவது தடவை வலிப்பு வந்தது.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர் கேட்க வேண்டியதையெல்லாம் வேகமாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, தலையில் அடிபட்டதா, குடிப்பாரா. ப்ரீத்திதான் பதில் சொன்னாள். குடிப்பார், தினமும், காலையிலிருந்து. மூன்று நாளாகக் குடிக்கவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

இருபது வருஷமாக அவனை நிறுத்தச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது.

மறுநாள் சாயங்காலம்வரை இருந்தான். கண் திறக்கவில்லை. முடிந்த பிறகு நர்ஸ் மாலையைக் கழற்றித் தரச் சொன்னாள். குருசாமி போட்ட மாலையை நாங்கள் கழற்றலாமா என்று எனக்குத் தெரியவில்லை. பத்ரிநாத் சாமிக்குப் போன் செய்தேன். மாலை போட்டவர்கள் சாவுக்கு வரக் கூடாது. எப்படிச் செய்வது என்று போனிலேயே சொல்லுங்கள் என்றேன். அவர், நானே வரேம்மா என்றார்.

வந்தபோது அவர் வெள்ளை வேட்டியில் இருந்தார். கழுத்தில் மாலை இல்லை. கோயிலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். அந்த வருஷம் அவர் மலைக்குப் போகவில்லை. அவரோடு போக வேண்டியவர்களை வேறொரு குருசாமி கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். ஜெகதீசன் கழுத்திலிருந்து மாலையை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார். டாக்டர் ஷபானா சொன்னதையும், வியர்வையையும், தூங்காததையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். "நிறுத்தாதேன்னு டாக்டர் சொன்னதா எங்கிட்டயும் சொன்னாம்மா. நானும் சிரிச்சேன்," என்றார்.

சாவுக்கு வந்தவர்கள், மாலையோடு போனான், புண்ணியம் என்றார்கள். சோலாப்பூரிலிருந்து வந்த அவன் மனைவி, குடிச்சே செத்தாரா என்று மட்டும் கேட்டாள். இல்லை, குடியை ஒரேயடியாக நிறுத்தியதால் செத்தான் என்றேன். நான் துக்கத்தில் உளறுகிறேன் என்று அவள் நினைத்தாள். இப்போதும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். பெரும்பாலும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். அவன் குடித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று நான் சொல்வதாக அவர்களுக்குக் கேட்கிறது போலிருக்கிறது. நான் சொல்வது, நிறுத்துவதற்கு ஒரு இடம் இருந்தது என்பதை.

ப்ரீத்தி படிப்பை முடித்து ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு வருவாள். வீட்டில் அவனைப் பற்றிப் பேசுவோம். அந்த டாக்டர் கதையை அவன் குரலிலேயே அவள் சொல்லிக் காட்டுவாள். சிரிப்பு வரத்தான் செய்கிறது.

அடுத்த கார்த்திகைக்குக் கொஞ்ச நாள் முன்னால் பத்ரிநாத் சாமி எங்கள் கடைக்கு வந்தார். கண்ணாடி மாற்ற வந்தார் என்று நினைத்தேன். அவரோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சூர்யா என்கிற ஆட்டோக்காரரின் மனைவி. அந்த ஆட்டோக்காரர் சாமியிடம் மாலை கேட்டு வந்திருக்கிறார். இப்போதெல்லாம் பத்ரிநாத் சாமி மாலை போடும் முன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கிறாராம், காலையில் எழுந்ததும் குடிக்கிறாயா என்று. சூர்யா ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா, மாலை எங்கியும் ஓடிடாதுன்னுட்டேன்," என்றார் பத்ரிநாத் சாமி. "அவருக்குக் கோவம். நீ என்னா சாமி, டாக்டர் கம்பெனிக்கு ஆள் புடிக்கிறயான்னு கேக்கறாரு. இந்தப் பொண்ணுக்கு அங்க யாரையும் தெரியாது. நீ கூடப் போய்ட்டு வரியாம்மா?"

போனேன். மாலை வேண்டும் என்பதற்காகச் சூர்யாவும் மனைவியோடு வந்தார். டாக்டர் ஷபானாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். அப்புறம் சூர்யாவைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார்.

அன்றைக்கே படுக்கை கிடைத்தது. இரண்டாம் நாள் பார்க்கப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் ஊசிக் குழாயோடு, பக்கத்துக் கட்டில்காரரிடம் ஆட்டோ மீட்டரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நர்ஸ் வந்து நடுக்கத்தைப் பார்த்தாள், எழுதினாள், ஒரு மாத்திரை கொடுத்தாள். அவர் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா அக்கா என்று கேட்டாள்.

இருக்க முடியாது. அந்த வார்டில் பார்க்க விடும் நேரம் நாலிலிருந்து ஐந்துவரைதான். நாளைக்கு நாலு மணிக்கு மறுபடி வரலாம் என்றேன்.